எந்த முன்னாடி?

எந்தப் பக்கம் மாட்டினாலும் மாட்டிக்கொள்ளும், இந்தச் சனியனிடம் உள்ள கெட்ட குணமே அதுதான். இரண்டு முனையிலும் இரண்டு கண், இரண்டும் ஒரே அளவு, போல்ட் இரண்டிலும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். தப்பாகப் போட்டால் கொஞ்சமாவது முரண்டு பிடிக்க வேண்டாமா? மிக்ஸி ஜாரை மாற்றி வைத்தால் உட்காராது. சிம் கார்டுக்கு ஒரு மூலையை வெட்டி வைத்திருக்கிறார்கள், எந்த மடையனும் திருப்பிச் செருக முடியாது. கல்யாணத்துக்கு முன் பம்ப் கம்பெனியில் நான் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்த மூன்று வருஷமும் மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போடாத ஒரு உருப்படியைக்கூடப் பாஸ் பண்ணியது கிடையாது. அம்பு எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன், அம்புக்காரி என்றே எனக்குப் பட்டப்பெயர். அப்படிப்பட்டவள் கையில் அம்பே இல்லாத ஒன்று வந்து சேர்ந்தது பார். ஸ்டாண்டில் என் தம்பி நவநீதனின் மலைச் சைக்கிள் தொங்குகிறது, வயிறு காலியாக, பின்சக்கரம் தொளதொளவென்று. முன்பாதியும் பின்பாதியும் நடுவில் சேரும் இடத்தில்தான் ஷாக் வரும், காற்றும் எண்ணெயும் அடைத்த ஒரு சாண் குழாய், குண்டிலும் குழியிலும் பின்சக்கரம் வாங்கும் அடியெல்லாம் இதற்குத்தான். இதன் ஒரு முனையில் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன டப்பாவுக்குக் கடையில் பாட்டில் என்று பெயர். பாட்டில் உள்ள முனை ஹேண்டில்பார் பக்கம், மேல்குழாயில், அசையாமல் நிற்க வேண்டும். மொட்டை முனை சக்கரத்தின் பக்கம், லிங்க் என்கிற ஆடும் துண்டில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இப்போது எனக்குத் தெரியும், என் அம்மாவுக்குத் தெரியும், எங்கள் சொந்தத்தில் சைக்கிளே ஓட்டத் தெரியாத பெரியம்மாவுக்குக்கூடத் தெரியும், கல்யாண வீடுகளில் எல்லாருக்கும் விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், சுகந்தி அதத் திருப்பி மாட்டிப்போட்டாளாமா என்று. மணி பதினொன்று பத்து. சைக்கிளை வாங்குகிறவர் பன்னிரண்டுக்கு வருகிறார்.

ஐந்து மாதமாக நான் இந்த மேஜைப் பக்கம் வந்ததில்லை. கிரீஸ் டப்பாவை யாரோ இடம் மாற்றியிருக்கிறார்கள், யாரோ என்ன யாரோ, இவர்தான், என் வீட்டுக்காரர், வேறு யார் இருக்கிறார்கள் இங்கே. ஆலன் கீயெல்லாம் அளவு வரிசையில் இல்லை, ஐந்து எங்கே ஆறு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. நான் இருந்தபோது கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். "இனிமே நீ முன்னாடி உக்காந்துக்கோ சுகந்தி, வர்றவங்களப் பாத்துக்கிட்டாப் போதும்" என்று இவர் சொன்னபோது குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியாதது, ஏதோ எனக்கு ஓய்வு கொடுக்கிற மாதிரி சொன்னார். முன்னாடி என்றால் கடையின் முன்பக்கம், தடாகம் ரோட்டைப் பார்த்த கண்ணாடி, ஹெல்மெட்டும் மணியும் கூடையும் தொங்கும் இடம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவள், ஏழு வருஷம் இந்த மேஜையில் நின்று எத்தனையோ சக்கரத்துக்குக் கோணல் எடுத்தவள், குழந்தை சைக்கிளுக்குக் கூடை ரோஸ் வேண்டுமா நீலம் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்று காலை கிளம்பும்போதுகூட "நான் பத்து மணிக்குள்ள வந்து மாட்டிக்கறேன், நீ தொட வேண்டாம்" என்றுதான் சொல்லிவிட்டுப் பொள்ளாச்சி போனார். பத்தே முக்காலுக்குப் போன். கிணத்துக்கடவு பக்கம் வண்டி நின்றுவிட்டதாம், பஸ் பிடித்து வருகிறாராம், நேரமாகுமாம். "நீயே மாட்டிரு. பாத்து." அந்தப் பாத்துவுக்கு முன்னால் ஒரு நொடி விட்டார் பார், அந்த ஒரு நொடியில் ஐந்து மாதமும் இருந்தது. சரிங்க என்றேன். இந்தச் சரிங்கவைத் தவிர வேறு எதுவும் எனக்குச் சொல்ல வராதா என்று என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

துணியால் கையைத் துடைத்துக்கொள்கிறேன், மறுபடி வியர்க்கிறது. தை மாசத்தில் யாருக்காவது உள்ளங்கை வியர்க்குமா? அன்று ஆவணி, சனிக்கிழமை, மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வராமலே போன நாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரேஸ். நவநீதனுக்கு அதில் முதல் மூன்றில் வந்தால் மாநில அணி, மாநில அணியில் போய் ஒரு மெடல் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, இருபத்தைந்து வயது முடிவதற்குள் நடக்க வேண்டும், முடிய நான்கு மாதம் இருந்தது. ஸ்பின்னிங் மில்லில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே விடிகாலையில் மருதமலை அடிவாரத்தில் போய் ஏறி இறங்கிப் பழகியவன். சர்வீஸுக்கு அனுப்பிய ஷாக் திரும்பி வருமா வராதா என்று ஒரு வாரம் தூங்காமல் இருந்தான். சனிக்கிழமை மத்தியானம்தான் கொரியரில் வந்தது. இவர் ரேஸுக்கு மெக்கானிக்காக முதல் நாளே மலைக்கு மேலே போய்விட்டார். நான் போன் போட்டேன். பின்னால் மைக்கில் யாரோ ஹலோ ஹலோ செக் செக் என்று கத்திக்கொண்டிருந்தான். "வந்துருச்சுங்க, எப்படி மாட்டறது?" "அதான் மாட்டத் தெரியுமே உனக்கு." "இந்த மாதிரி பாட்டில் வெச்சது நான் மாட்டினதில்லைங்க." "ஒண்ணுமில்ல, பாட்டில முன்னாடி போடு. காத்தெல்லாம் எறக்க வேண்டாம், அவங்க சரியா வெச்சு அனுப்பியிருப்பாங்க, அப்படியே மாட்டு." "பாட்டில் முன்னாடி..." என்று நான் இழுத்தேன். "ஒரு தடவ சொன்னா ஏறாதா உனக்கு? முன்னாடி! இங்க தலைக்கு மேல வேல கெடக்குது." வைத்துவிட்டார். இவ்வளவுதான் பேச்சு. இதை எத்தனை தரம் எனக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன், பாத்திரம் தேய்க்கும்போது, துணி காயப்போடும்போது, கோயிலில் சாமி முன் நிற்கும்போதுகூட. ஒவ்வொரு தரமும் அந்த மைக்குக்காரன் சத்தம்தான் முதலில் வருகிறது, செக் செக்.

முன்னாடி. இதில் என்ன சந்தேகம் என்று கேட்டார்கள் எல்லாரும். முன்பக்கம் என்றால் முன்பக்கம், அதற்கு மேல் என்ன இருக்கிறது? இருக்கிறது. இந்தக் கடைக்கு வாழ வந்த முதல் மாதத்தில், ஷாக் என்றால் என்னவென்றே தெரியாத என்னை இதே மேஜைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து இவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் என்ன? "எப்பவுமே பின்னாடி போல்ட்ட முன்னாடி போடோணும். முன்பக்கத்த மொதல்ல முறுக்கிட்டா லிங்க் வளைஞ்சு கொடுக்காது, கண்ணுல போல்ட் நேரா எறங்காது." பின்னாடி போல்ட்டை முன்னாடி. ஏழு வருஷம், எந்த ஷாக்கை மாட்டினாலும், யாருக்கு விளக்கினாலும், இதே வாக்கியம். சிரித்துக்கொண்டே சொல்வார், பின்னாடிதான் முன்னாடி, முன்னாடிதான் பின்னாடி என்று. இந்தக் கடையில் ஷாக் விஷயத்தில் முன்னாடி என்றால் முதலில் என்று அர்த்தம். வேறு எந்த வீட்டில் வேறு எந்த அர்த்தமோ எனக்குத் தெரியாது. பாட்டிலை முன்னாடி போடு என்றால் பாட்டில் முனையை முதலில் போடு. முதலில் போடுவது எது? பின் போல்ட். பாட்டில் முனையை லிங்க்கில் வைத்துப் பின் போல்ட்டைப் போட்டேன், மொட்டை முனையை மேல்குழாயில் வைத்து முன் போல்ட்டைப் போட்டேன். எவ்வளவு அழகாக உட்கார்ந்தது தெரியுமா? முரண்டே இல்லை. இரண்டு போல்ட்டையும், போதுமான இறுக்கம் வந்ததும் சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்சில் முறுக்கினேன், டிக், டிக் என்று இரண்டு சத்தம், சரியாக. நான் சொன்னபடி கேட்கிறவள். அதுதான் நான் செய்த தப்பு, சொன்னதைச் சொன்னபடியே செய்தேன், அவர் அன்று சொன்ன ஒரு வார்த்தையை அவரே ஏழு வருஷமாகச் சொன்ன வார்த்தையை வைத்துப் புரிந்துகொண்டேன்.

அது மட்டும்தானா. சரி, அது மட்டுமில்லை. எழுத்து தலைகீழாக இருந்தது, பார்த்தேன். கம்பெனிப் பெயர் தலைகீழாக நின்றது. ஆனால் எத்தனையோ சைக்கிளில் எழுத்து தலைகீழாக இருப்பதுதான் சரியாக இருந்திருக்கிறது, இவரே சொல்லியிருக்கிறார், எழுத்தப் பாக்காத, ஓட்டைய மட்டும் பாரு என்று. அதனால் எழுத்தை விட்டுவிட்டேன். கீழே இறக்கி நானே ஏறி உட்கார்ந்து இரண்டு குதி குதித்துப் பார்த்தேன். பாட்டில் மேலே எழும்பி வந்தது. மேல்குழாய்க்கும் அதற்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருந்தது. என் எடைக்கு இரண்டு விரல். நவநீதன் எடைக்கு? பாறையிலிருந்து குதித்து விழும்போது? முறையாகப் பார்த்தால் காற்றை முழுசாக இறக்கிவிட்டுக் கடைசிவரை அமுக்கிப் பார்த்திருக்க வேண்டும், எங்கேயாவது இடிக்கிறதா என்று. காற்றை இறக்க வேண்டாம் என்றாரே. இரண்டு விரலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இது அம்பு இல்லாத உருப்படி, இதைப் பாஸ் பண்ணாதே என்று உள்ளே ஒருத்தி சொன்னாள், பம்ப் கம்பெனிக்காரி, யாருக்கும் பயப்படாதவள், மேனேஜர் உருப்படியையே திருப்பி அனுப்பியவள். போனை எடுத்தேன். இவர் நம்பரை அழுத்தினேன். அழுத்திவிட்டு, அங்கே ரிங் போவதற்குள், நானே கட் பண்ணினேன். ஒரு தடவ சொன்னா ஏறாதா உனக்கு என்று மறுபடி கேட்க முடியவில்லை, அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. ஒருத்தர் எரிந்து விழுவார் என்று பயந்துகொண்டு தம்பியை மலையிலிருந்து கீழே அனுப்பினேன். நாலு மணிக்கு நவநீதன் வந்தான், பிரேக் லிவர் கைக்கு எட்டுகிறதா என்று மட்டும் பார்த்தான், "தேங்ஸ்க்கா, கலக்கிட்ட" என்றான். அந்தக் கலக்கிட்ட இன்னும் காதில் இருக்கிறது. அழுத்திக் கட் பண்ணினதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, இவரிடம் இல்லை, அம்மாவிடம் இல்லை, சாமியிடம் சொல்ல என்ன இருக்கிறது, அதற்குத்தான் எல்லாம் தெரியுமே.

மூன்றாவது இறக்கத்தில் விழுந்தானாம். ஆளுயரப் பாறையிலிருந்து இறங்கியதும் ஷாக் கடைசிவரை அமுங்கியிருக்கிறது, பாட்டில் போய் மேல்குழாயில் இடித்து அதன் கழுத்து முறிந்து எண்ணெய் பீய்ச்சியிருக்கிறது, பின்பாதி அப்படியே உட்கார்ந்திருக்கிறது, தம்பி ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து இடது தோளில் விழுந்திருக்கிறான். காறை எலும்பு மூன்று துண்டு. குழாயில் ஒரு நசுங்கல், என் கட்டைவிரல் நகம் அளவுக்கு, பெயிண்ட் போய் வெள்ளையாக. இப்போதும் தடவிப் பார்க்கிறேன், நகம் சரியாக அதில் உட்காருகிறது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தை என் கையில் கொடுத்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் வலது பக்கம் உடைந்திருக்கிறது. ஐயோ, இவனுக்கு இடதுதானே, வேற யாரோட படமோ மாறி வந்துடுச்சு என்று கத்தினேன், நர்ஸ் ஓடி வந்தாள். "அக்கா, படத்தத் திருப்பிப் புடிச்சிருக்கீங்க" என்றாள். இவர் சிரித்தார். அத்தனை கலவரத்திலும் இவருக்குச் சிரிப்பு வந்தது, "பாருங்க மாமா, இப்படித்தான் அதையும் மாட்டியிருக்கா" என்று என் அப்பாவிடம் சொன்னார். அப்பாவும் ஒரு மாதிரி சிரித்தார், மாப்பிள்ளை சிரிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் மரியாதை இல்லையே. அப்புறம் எல்லார் முன்னாடியும் சொன்னார், "நான் தெளிவாத்தான் சொன்னேன், முன்னாடின்னு." கட்டிலிலிருந்து நவநீதன் என்னைப் பார்த்தான். வலி ஊசியில் கண் சொருகிக்கொண்டு போனது, வாய் மட்டும் திறந்தது. "ஏனக்கா, முன்னாடின்னா முன்னாடிதானே?" இந்த ஐந்து மாதத்தில் அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசிய கடைசி வார்த்தை அது. நான் வாயைத் திறந்து, பின்னாடி போல்ட்டை முன்னாடி என்று இவர் சொல்லுவாரே, என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவரைக் காப்பாற்றத்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன், பெரிய தியாகி. பொய். வாயைத் திறந்தால் அந்தக் கட் பண்ணிய போனும் சேர்ந்து வெளியே வந்துவிடும் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கப்புறம் எனக்கு எந்தப் பக்கம் எது என்பதே போய்விட்டது. காஸ் அடுப்பின் குமிழை மூன்று தரம் திருப்பிப் பார்க்கிறேன், திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று. வீட்டுச் சாவியைப் பூட்டில் விட்டுவிட்டு இடதா வலதா என்று நிற்கிறேன். சேலை கட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்றால் தலைப்பு தப்புத் தோளில் கிடக்கிறதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கண்ணாடி என்று அப்புறம்தான் உறைக்கிறது. பைத்தியமா என்று கேட்டால் இல்லை, பைத்தியம் இப்படியா காலை இட்லிக்கு மாவு அளந்து போடும். தீபாவளிக்கு நவநீதன் வரவில்லை. மார்கழியில் அவனுக்கு இருபத்தைந்து முடிந்தது, காலையிலேயே கேசரி கிண்டி அம்மா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன், அவன் ஷிஃப்ட் என்று சொல்லிக் கிளம்பிவிட்டிருந்தான், ஷிஃப்ட் இல்லை என்று எனக்கும் தெரியும் அம்மாவுக்கும் தெரியும். கேசரியை அம்மா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். இப்போது சைக்கிளை விற்கிறான். விற்க வேண்டுமென்றால் சைக்கிள் முழுசாக இருக்க வேண்டுமே, அதற்காக இதே மாதிரி இன்னொரு ஷாக் தேடி வாங்கியிருக்கிறான், அதுதான் இப்போது என் கையில். இதோ மேலே பாட்டில், இது முன்னால், ஹேண்டில்பார் பக்கம். ஹேண்டில்பார் எந்தப் பக்கம்? இதென்ன கேள்வி, கண் முன்னால் தெரிகிறது ஹேண்டில்பார். தெரிகிறது, ஆனால் ஸ்டாண்டில் சைக்கிள் அந்தரத்தில் தொங்குகிறது, நான் அந்தப் பக்கம் நின்றால் அது இடது, இந்தப் பக்கம் நின்றால் வலது. ஷாக்கைக் குழாய் அருகில் கொண்டுபோகிறேன், எடுக்கிறேன், திருப்புகிறேன், திருப்பினதைத் திருப்புகிறேன். இரண்டு கண்ணும் ஒரே அளவு. எந்தப் பக்கத்தையும் வேண்டாம் என்று சொல்லாத ஒன்றை எப்படி நம்புவது? எனக்கும் அதே குணம்தான் என்று தோன்றுகிறது, எங்கே மாட்டினாலும் உட்கார்ந்துகொள்வேன், பின்னாலிருந்து முன்னால் போ என்றால் போய் உட்கார்ந்துகொள்வேன், சத்தம் வராது.

இன்னொரு விஷயம் இருக்கிறது, அதை நினைக்கக்கூடாது என்று வைத்திருக்கிறேன், நினைக்கக்கூடாது என்று வைத்ததுதான் தினமும் வருகிறது. ஞாயிறு காலை ரேஸ் தொடங்குமுன் எல்லாச் சைக்கிளையும் மெக்கானிக் பார்த்து விடுவார். அந்த மெக்கானிக் இவர். நவநீதன் சைக்கிளையும் இவர்தான் பார்த்தார், பிரேக் பிடித்துப் பார்த்தார், டயரை அமுக்கிப் பார்த்தார், ஷாக்கில் பம்பை மாட்டிக் காற்றே அடித்தார். காற்றடிக்கிற ஓட்டை பாட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குனிந்து, கையை விட்டு, பம்பைத் திருகி, முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷமாவது நின்றிருப்பார். அப்போது தெரியவில்லையா? முன்னாடி இருக்க வேண்டியது பின்னாடி இருப்பது இருபது வருஷ மெக்கானிக் கண்ணுக்குத் தெரியவில்லையா? தெரியாமல் விட்டாரா, தெரிந்தும் இப்போது கழற்ற நேரமில்லை, ஒரு ரேஸ்தானே தாங்கும் என்று விட்டாரா? கேட்டதில்லை. கேட்டால் நீ ஏன் கேட்கவில்லை என்று அவர் என்னைக் கேட்பார், அவருக்கு அந்தப் போன் தெரியாது, தெரியாமலே கேட்பார். ஒரே மேஜையில் சாப்பிட்டு ஒரே ஃபேனுக்குக் கீழே தூங்கி இரண்டு பேரும் இப்படி ஆளுக்கொன்றை விழுங்கி வைத்திருக்கிறோமோ என்று தோன்றும்போது எனக்குச் சோறு இறங்குவதில்லை. அவரிடம் விழுங்கினது ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், அதுதான் இன்னும் மோசம், அப்போது விழுங்கினவள் நான் ஒருத்திதான்.

கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம். நவநீதன். பதினொன்று நாற்பது. ஒல்லியாகிவிட்டான். இடது கையை உடம்போடு ஒட்டியே வைத்துக்கொண்டு நடக்கிறான், அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பாது. என்னைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து, "அவரு வந்துட்டாரா?" என்று கேட்டான். "இன்னும் இல்ல, பன்னெண்டுக்குத்தான்" என்று நானும் டயருக்கே பதில் சொன்னேன். "மாமா எங்க?" "வண்டி நின்னு போச்சாமா. பஸ்ஸுல வர்றாரு." என் கையிலிருக்கும் ஷாக்கைப் பார்த்தான், அப்போதுதான் முகம் மாறியது. "நீயா மாட்டற?" அந்த நீயாவில் இருந்ததை என்னால் சொல்ல முடியாது. டயர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டான், பார்த்துக்கொண்டிருக்கப்போகிறான். உட்காரட்டும். பாட்டிலை மேல்குழாய் பக்கம் வைத்துப் பிடித்தேன், மொட்டை முனையை லிங்க்குக்குள் விட்டேன், பின் போல்ட்டைக் கையால் இரண்டு சுற்று ஏற்றினேன். அப்போது போன் அடித்தது. கையெல்லாம் கிரீஸ், மேஜையில் கிடந்த போனை விரல் முட்டியால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன். "என்ன, மாட்டிட்டியா?" பின்னால் பஸ் இரைச்சல், யாரோ டிக்கெட் டிக்கெட் என்று கூப்பிடுகிறார்கள். "இன்னும் இல்லைங்க." "இன்னுமா? அந்தாளு வந்து நின்னா என்ன சொல்லுவ?" எனக்குத் தெரியும், எங்கே வர வேண்டும் என்று நன்றாகத் தெரியும், பாதி மாட்டியும் ஆகிவிட்டது. இருந்தாலும் கேட்டேன். "பாட்டில் எங்கீங்க வரோணும்?" "முன்னாடிதான். எத்தன வாட்டி?" "எந்த முன்னாடி?"

"என்ன எந்த முன்னாடி? வெளையாடறயா? இத பாரு, பொறுமையாக் கேளு, மறுக்காவும் மாத்தி மாட்டித் தொலைக்காத. எப்பவும் போல பின்னாடி போல்ட்ட முன்னாடி போட்டுரு. போட்டுட்டுப் பாட்டில முன்னாடி போடு. இதுல என்ன கொழப்பம் உனக்கு?" அட்டைப்பெட்டி நசுங்கும் சத்தம் கேட்டது. நவநீதன் எழுந்துவிட்டான். உதடு மட்டும் அசைகிறது, பின்னாடி போல்ட்ட முன்னாடி, பாட்டில முன்னாடி. கிட்டே வந்து ஷாக்கைப் பார்த்தான், வலது கை விரலால் பின் போல்ட்டைத் தொட்டான், பாட்டிலைத் தொட்டான், மனதுக்குள் அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறான் என்று தெரிந்தது. "அன்னைக்கும் மாமா இப்படித்தான் சொன்னாராக்கா?" "அன்னைக்குப் பாட்டில முன்னாடின்னு மட்டும். போல்ட்ட முன்னாடின்னு எப்பவும் சொல்றதுதான்." அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சின்ன வயதில் அழுவதற்கு முன் மூக்கு நுனி சிவக்குமே, அப்படியே சிவந்தது. "அப்ப உன்ற மேல தப்பே இல்லையேக்கா. ஏனக்கா, இத முன்னாடியே சொல்லியிருக்கலாமல்ல?" அவன் சொன்னது ஆஸ்பத்திரியை, எனக்குக் கேட்டது அந்தச் சனிக்கிழமை. என் தம்பி எனக்கு எதிரில் நிற்கிறான், என் முகத்தைப் பார்க்கிறான், அக்கா என்கிறான், இதற்காக நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். தலையை ஆட்டினால் போதும். முழுப் பழியும் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பவர் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும், முரண்டே பிடிக்காது. போனிலிருந்து "யாரு அங்க? மாப்ளயா? என்னவாம்?" என்று குரல் வந்தது. கட்டைவிரலால் அழுத்திக் கட் பண்ணினேன். அதே விரல்.

"எனக்குச் சந்தேகம் வந்துச்சு நவநீ" என்றேன். "மாட்டி முடிச்சு, ஏறிக் குதிச்சுப் பாத்தேன், இடிக்குமோன்னு பயமா இருந்துச்சு. கேக்கோணும்னு மாமாவுக்குப் போன் போட்டேன்." வெளியே வாங்குகிறவர் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. "ரிங் போறதுக்கு முன்னாடி நானே கட் பண்ணிட்டேன்." நான் முன் போல்ட்டையும் போட்டு இரண்டையும் முறுக்கி, காற்றை முழுசாக இறக்கி, கடைசிவரை அமுக்கிப் பார்த்து, மறுபடி காற்றடிக்கும்வரை நவநீதன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எங்கேயும் இடிக்கவில்லை. அப்புறம் ஸ்டாண்டின் பிடியைத் தளர்த்தி, நான் பிடிக்கப் போனபோது வேண்டாம் என்று நகர்ந்து, ஒற்றைக் கையால் சைக்கிளை இறக்கி வெளியே தள்ளிக்கொண்டு போனான்.